பதினேழாம் நாள் காலை

துக்க வீட்டுக்கு வந்தவர்கள் "போய்ட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. பேசாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவதுதான் வழக்கம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் வாடகை நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றுவதற்குள் வீடு இப்படித்தான் ஒவ்வொருவராகக் காலியாகிறது. மறுநாள் விடிகாலையில் வாசலில் பால் பாக்கெட் விழுகிற சத்தம் கேட்கும். எப்போதும்போல இரண்டு அரை லிட்டர். குடிக்க ஆள் ஒன்றுதான்.

பதினாறு நாள் வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருக்கிறது. யார் கொள்ளி வைப்பது, யார் வீட்டிலிருந்து சாப்பாடு வருவது, எந்த நாளில் பால் தெளிப்பது, எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று ஊரே நடத்திக்கொடுத்துவிடும். கட்டிக்கொண்டு அழக்கூட ஆள் வரும். சில வீடுகளில் பதின்மூன்றாம் நாள் சுபம். கிறிஸ்தவக் குடும்பங்களில் முப்பதாம் நாள், நாற்பதாம் நாள் ஜெபம் உண்டு. கணவனை இழந்த இஸ்லாமியப் பெண்ணுக்கு இத்தா என்ற துக்கக் காத்திருப்பு 4 மாதம் 10 நாள். கணக்கு வீட்டுக்கு வீடு மாறினாலும், ஏற்பாடு தீர்ந்துபோகிற நாள் ஒன்று எல்லா வீட்டுக்கும் வரும். கணவனையோ மனைவியையோ பறிகொடுத்துவிட்டு வீட்டில் தனியாக மிஞ்சியவருக்கும், லீவு முடிந்து வெளியூருக்குத் திரும்பிவிட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அந்த நாளுக்கு அப்புறம் என்ன செய்வதென்றுதான் தெரிவதில்லை. இது அதைப் பற்றி.

ஆனாலும் பதினாறு நாளுக்குள்ளேயே கவனிக்க வேண்டியவை சில உண்டு. கூட்டத்தில் அவைதான் நழுவிப்போகும்.

முதலாவது, மிஞ்சியவரின் மாத்திரை. பிரஷர், சுகர் மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுத்தவரே போய்விட்டிருப்பார். எந்த டப்பாவில் எது என்று அவருக்குத்தான் தெரியும். இழவு விழுந்த நாளிலிருந்து மூன்று, நான்கு நாள் மாத்திரையே போடாமல், பட்டினியோடு, தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் வழக்கத்தைவிட 21 மடங்கு ஏறுகிறது என்று 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. அதிர்ச்சியில் இதயத்தின் ஒரு பகுதி திடீரென்று பலூன்போல உப்பித் தளர்ந்துபோகிற நோய் ஒன்றும் இருக்கிறது. ஜப்பானியர்கள் 1990 வாக்கில் அதை விவரித்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் 'தாகோட்சுபோ' என்று அழைத்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது அதிகம் வருகிறது. ஆகவே துக்க வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சோடா வாங்கிக் கொடுத்து விசிறிக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுத்துவிட வேண்டும். வீட்டில் ஒரே ஓர் ஆளிடம், மருமகளோ பக்கத்து வீட்டுப் பையனோ, "அம்மா மாத்திரை உன் பொறுப்பு" என்று ஒப்படைத்துவிடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதே கையோடு இறந்தவரின் மாத்திரைகளைத் தனிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இரண்டு பேர் மருந்தும் ஒரே பிஸ்கட் டின்னில் கிடக்கும். ஸ்ட்ரிப் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கண்ணீரோடு இருட்டில் தடவி எடுப்பவர் எதை விழுங்குவார் என்று சொல்ல முடியாது. வலிக்குக் கொடுத்த மார்ஃபின் மிச்சமிருந்தால் தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. அதைத் தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி வேண்டும், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. எங்கே பதிவது என்பதில்தான் பலரும் தவறுவார்கள். சொந்த ஊரிலோ எரித்த ஊரிலோ அல்ல, உயிர் பிரிந்த இடத்தில் பதிய வேண்டும். சிவகங்கைக்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு மதுரையில். ஆஸ்பத்திரி இறப்பு என்றால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். ஆனால் அவர்கள் எழுதும் பெயர் அட்மிஷன் சீட்டில் அவசரத்தில் யாரோ சொன்ன பெயராக இருக்கும். நம் இனிஷியல்தான் இதில் பெரிய தொல்லை. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் நிற்கும், பாஸ்புக்கில் முன்னால். பட்டாவில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். எல்.ஐ.சி. பாலிசியில் இனிஷியலே இருக்காது. சான்றிதழ் அச்சாவதற்கு முன் ஆதார் நகலை நீட்டி, "இதில் உள்ளபடி" என்று சொல்லித் திருத்த ஐந்து நிமிஷம் போதும். அச்சான பிறகு ஒவ்வொரு கவுன்ட்டரிலும் "இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்" என்று நோட்டரி வைத்து நிரூபிக்க வேண்டும். செத்தவர் யார் என்று நிரூபிக்கச் சொல்லி ஒருவர் கேட்பது, கேட்பவருக்கு வெறும் வேலை. கேட்கப்படுகிறவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

மூன்றாவது, கையெழுத்து. காரியத்துக்குக் கூடியிருக்கும்போதே "எல்லாரும் ஒண்ணா இருக்கோம், இப்பவே பேசி முடிச்சிடலாமே" என்று ஒரு குரல் எழும். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம், பாகம், பவர் எதுவானாலும் "வருஷம் திரும்பட்டும்" என்று சொல்லிவிடுங்கள். யாரையும் புண்படுத்தாமல் மறுக்க இதைவிட நல்ல வாக்கியம் தமிழில் கிடையாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தைத் திரும்பப் பெறுவது அநேகமாக நடக்காத காரியம். வீட்டை விற்பது, மகன் வீட்டோடு குடிபோவது, ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து யாருக்காவது கொடுப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

நான்காவது, தாலி. இதைச் சுற்றி வளைக்காமல் எழுதலாம். கூட்டத்தின் நடுவில் உட்காரவைத்து, பூவும் பொட்டும் வைத்து, வளையலை உடைத்துத் தாலியை இறக்குவது துக்கத்தில் இருக்கிற ஒரு பெண்ணுக்குச் செய்கிற கொடுமை. வேண்டாம் என்று முடிவெடுக்கிற குடும்பங்கள் இப்போது நிறைய. ஆனால் அந்த முடிவைப் பதினாறாம் நாள் காலையில் எடுக்க முடியாது. அதற்குள் அத்தைமார்கள் புடவையை விரித்துவிட்டிருப்பார்கள். இரண்டாம் மூன்றாம் நாளிலேயே மகனோ மகளோ அம்மாவைத் தனியே கேட்டுவிட வேண்டும்: "உனக்கு என்னம்மா விருப்பம்?" அவளே கழற்றி சாமி அறையில் வைக்கலாம், போட்டுக்கொண்டே இருக்கலாம், சடங்கு வேண்டும் என்றும் சொல்லலாம். எதுவானாலும் அவள் சொன்னதைப் பங்காளிகளில் மூத்தவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவர் வாயால் வந்தால் மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள்.

இனி பதினேழாம் நாள்.

நம் பழைய இலக்கணத்தில் இறந்தவருக்காக இரங்கிப் பாடுவதற்குக் 'கையறுநிலை' என்று பெயர். கை அற்றுப்போன நிலை, செய்ய ஒன்றுமில்லாத நிலை. ஆறு மாதம், ஒரு வருஷம் படுக்கையில் இருந்தவரைப் பார்த்துக்கொண்டவருக்கு இது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்த கை. கஞ்சியை ஆற்றிய கை. திடீரென்று அதற்கு வேலை இல்லை. ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வரும், ஏனென்றால் அதுதான் மருந்து நேரம். அது மனநோய் அல்ல. உடம்பு இன்னும் டியூட்டியில் இருக்கிறது. அந்த நேரத்தில் படுக்கையில் புரண்டுகொண்டிருந்தால் விடியும்வரை அதே நினைப்புதான் ஓடும். எழுந்து வேறு அறைக்கு வந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, வெதுவெதுப்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் போய்ப் படுங்கள். போனை மட்டும் எடுக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து, அரை மணி நேரம் வெயில் படும்படி நடங்கள். பகல் தூக்கம் அரை மணியைத் தாண்டக் கூடாது. விழிப்பு நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கொடுக்கும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

மெடிக்கல் கடையில் தெரிந்தவர் இருக்கிறார் என்று தூக்க மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் சாதாரணம். அல்பிரசோலம் போன்றவை சில வாரங்களிலேயே பழகிவிடும். வயதானவர்கள் நடு ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதும் நடக்கிறது. டாக்டர் எழுதினால், எத்தனை நாளைக்கு என்று கேட்டு அத்தனை நாள் மட்டும்.

படுக்கை இருந்த இடம் ஒரு பிரச்சினை. வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலையும் ஆக்ஸிஜன் மெஷினையும் முதல் வாரத்திலேயே திருப்பிவிடுங்கள், வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பிரிக்காத டயபர் பாக்கெட், காற்றுப் படுக்கை போன்றவற்றை வலி நிவாரண சிகிச்சை நடத்துகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கட்டில் போன பிறகு தரையில் நான்கு கால் தடம் மட்டும் இருக்கும், அறை நடுவில் வெற்றிடம். அந்த இடத்தை அப்படியே விட்டால் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் மிதிக்காமல் சுற்றிப் போவீர்கள். அன்றைக்கே ஒரு நாற்காலியோ தையல் மெஷினோ கொண்டுவந்து போட்டுவிடுவது நல்லது.

சமையல். இருவருக்கு முப்பது வருஷம் சமைத்த கை, அளவை மறக்காது. அரிசிப் பானையில் ஆழாக்கை விட்டால் தானாக நிரம்பி வரும். வடித்துவிட்டு, பாதி மிஞ்சியதைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு சமைப்பதையே விட்டுவிடுவார்கள். டீயும் பிஸ்கட்டுமாக மூன்று மாதம் ஓட்டியவர்கள் உண்டு. முதல் வேலை, அளவுப் பாத்திரத்தை மாற்றுவது. ஒரு வேளைக்கு ஒருவருக்கு அரை ஆழாக்கு, சுமார் 70 கிராம் அரிசி போதும். அதற்கு ஒரு சின்ன டம்ளரை அரிசிப் பானையிலேயே போட்டு வையுங்கள், பழைய ஆழாக்கை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். ஐந்து லிட்டர் குக்கரில் அரை ஆழாக்கு நேரடியாக வைத்தால் அடிப்பிடிக்கும். ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் குக்கர் வாங்குவது ஆடம்பரமில்லை. இட்லி மாவை நாலுக்கு ஒன்று என்று அரைத்தவர்கள், இரண்டுக்கு அரை போடுங்கள். இல்லாவிட்டால் நான்காம் நாள் புளித்த மாவைக் கொட்டும்போது அதற்கும் ஒரு அழுகை வரும். பால்காரரிடம் "நாளையிலிருந்து ஒரு பாக்கெட்" என்று சொல்வது சின்ன விஷயமாகத் தெரியும். சொல்லிப் பார்த்தால்தான் தெரியும், தொண்டை அடைக்கும். பிள்ளைகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவர்களே சொல்லிவிட்டுப் போகலாம்.

மனைவியை இழந்த ஆண்களுக்கு இது வேறு மாதிரி. கடுகு எங்கே என்று தெரியாது. கேஸ் எப்போது புக் செய்தது, ரேஷன் கடை எந்தக் கிழமை, எந்தச் சொந்தக்காரருக்கு எவ்வளவு மொய் எழுதியது, எதுவும் தெரியாது. அதைவிட, பிள்ளைகளோடு பேச்சே அவள் வழியாகத்தான் நடந்திருக்கும். "அம்மாகிட்ட குடு" என்று சொல்லியே பழகியவர் இப்போது மகளின் போனை எடுத்துவிட்டு என்ன பேசுவதென்று தெரியாமல் "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும்: அவரிடம் மனசைத் திறந்து பேசச் சொல்லிக் கேட்டால் மூடிக்கொள்வார். ரசம் வைப்பது எப்படி என்று வீடியோ காலில் சொல்லிக்கொடுங்கள். புளி எலுமிச்சை அளவு, தக்காளி ஒன்று, மிளகு சீரகம் ஒரு ஸ்பூன், நுரை கட்டியதும் இறக்கணும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "உங்கம்மா பூண்டைத் தோலோட தட்டிப்போடுவா" என்று அவரே ஆரம்பிப்பார்.

எடையைப் பாருங்கள். முதல் மாதம் கொஞ்சம் இறங்கும், ஏறிவிடும். ஆறு மாதத்தில் 60 கிலோ ஆள் 57-க்கு வந்துவிட்டால், தானாக நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்திருக்கிறது என்று பொருள். "துக்கம்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது சுகராகவோ தைராய்டாகவோ இருக்கலாம்.

போன் விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நடக்கிற இழப்பைத் திருப்பி எடுக்க முடியாது. இறந்தவரின் சிம்மை "இனி எதுக்கு ரீசார்ஜ்" என்று விட்டுவிடுவார்கள். சுமார் மூன்று மாதம் உபயோகமே இல்லாவிட்டால் எண் செயலிழக்கும், அப்புறம் வேறு ஒருவருக்குப் போகும். அந்த எண்ணில்தான் பேங்க், கேஸ், வருமான வரி, பி.எஃப்., ஆதார் எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் வரும். இன்னொன்று: வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்பட்டுவிடும். ஒரு நாள் ஏதோ ஞாபகத்தில் அப்பா நம்பரைத் தேடினால், படம் இருந்த வட்டத்தில் முன்பின் தெரியாத இளைஞர் ஒருவர் பைக்கோடு நிற்பார். ஆகவே குறைந்தது ஒரு வருஷத்துக்குச் சிம்மை உயிரோடு வையுங்கள். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். இறப்புச் சான்றிதழோடு போனால் எண்ணை வாரிசு பெயருக்கு மாற்றித் தருவார்கள்.

குரலைக் காப்பாற்றுங்கள். போட்டோ எல்லோரிடமும் இருக்கும், குரல்தான் முதலில் நினைவிலிருந்து நழுவுவது. அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் உங்கள் போனிலும், அக்கா போனிலும், சித்தப்பா போனிலும் கிடக்கும். அவர்கள் போனை மாற்றுவதற்கு முன் கேட்டு வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலைத் திறந்து, மீடியாவோடு எக்ஸ்போர்ட் கொடுத்தால் எழுத்தும் குரலும் சேர்ந்து வரும். குரல் கோப்புகள் ஓபஸ் என்ற வகையில் இருக்கும். சில பழைய கம்ப்யூட்டர்களில் பாடாது, எம்பி3 ஆக மாற்றி வைத்தால் தொல்லையில்லை. ஒரு பென்டிரைவ், ஒரு ஆன்லைன் இடம் என்று இரண்டு இடத்தில் இருக்கட்டும். "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" என்ற எட்டு நொடிதான் அதில் மிக விலை உயர்ந்ததாக இருக்கும். ஒன்றுமில்லாத மெசேஜ் என்று எதையும் கழிக்காதீர்கள். இவற்றைக் கேட்க ஒரு வருஷம்கூட மனம் வராமல் போகலாம், அதனால் என்ன, எடுத்து வைப்பது வேறு, கேட்பது வேறு.

துணிமணியில் அவசரம் கூடாது. சொந்தக்காரர்கள் வந்து, "பார்த்தா பார்த்தா அழுகைதான் வரும்" என்று பீரோவை ஒரே நாளில் காலி செய்துவிட்டுப் போவது உதவி மாதிரி இருக்கும். மூன்று மாதம் கழித்து அந்தப் பழைய நீலச் சட்டை எங்கே என்று தேடும்போது தெரியும். மூன்றாகப் பிரிப்பது நடைமுறையில் சரிவரும்: நிச்சயமாகக் கொடுத்துவிடலாம், நிச்சயமாகக் கொடுக்க மாட்டேன், தெரியவில்லை. தெரியாததை ஒரு பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி, பரணில் வைத்துவிட்டு வருஷத் திதிக்கு அப்புறம் திறங்கள். உடுத்தித் துவைக்காத துணி ஒன்றையாவது, அவர் வாசனைக்காக, ஜிப் கவரில் காற்றுப் புகாமல் வையுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரிடம் முன்பே சொல்லிவிடணும், அழுக்குக் கூடையில் இருப்பதைப் பாவம் அவர் நல்லெண்ணத்தில் துவைத்துவிடுவார்.

அலுவலக வேலைகளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றுதான். துக்கத்தில் மூளை பாதி மூடியிருக்கும். சாவியைப் பிரிட்ஜில் வைப்பது, ஒரே படிவத்தை மூன்று தடவை தப்பாக நிரப்புவது எல்லாம் சகஜம். 80 பக்க நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு தேதி, அலுவலகம், யார், என்ன சொன்னார், அடுத்து என்ன கேட்டார் என்று அங்கேயே எழுதுங்கள். சான்றிதழ் நகல் பத்து, ஆதார் நகல் பத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பத்து. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில். ஒரிஜினலை யார் கேட்டாலும் காட்டலாம், கொடுக்கக் கூடாது.

வாரிசுச் சான்றிதழ் தாசில்தாரிடம், இ-சேவை மையம் வழியாக. இந்துக் குடும்பத்தில் ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாயார் உயிரோடு இருந்தால் அவரும் முதல் வகை வாரிசு. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. தந்தை அந்த வகையில் இல்லை. பாட்டியை விட்டுவிடுவதும், "கட்டிக்கொடுத்துட்டோமே" என்று மகளை விட்டுவிடுவதும்தான் அதிகம் நடக்கிற தப்புகள். பின்னால் பத்திரப் பதிவில் இடிக்கும், உறவும் முறியும்.

பேங்கில் ஏ.டி.எம். ரகசிய எண் தெரியும் என்பதற்காக இறந்தவர் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். மற்ற வாரிசு கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாது. நாமினி இருந்தால் வாரிசுச் சான்றிதழ் தேவையில்லை. படிவம், இறப்புச் சான்றிதழ், அடையாளச் சான்று போதும். முழுத் தாள்களும் கொடுத்த 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாமினி பணத்தை வாங்குகிறவர்தான், அது அவருடைய சொத்தாகிவிடாது என்பதையும் குடும்பத்துக்குச் சொல்லி வையுங்கள். இறந்த தேதிக்குப் பிறகு பென்ஷன் கணக்கில் விழுந்தால் தொடாமல் தகவல் கொடுங்கள், திருப்பிப் பிடிப்பார்கள். பாஸ்புக்கில் மே, ஜூன் மாதங்களைப் புரட்டிப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. இதை ஒரு நாளும் யாரும் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலையில் இருந்தபோது இறந்தவருக்கு பி.எஃப். பணத்தோடு இ.டி.எல்.ஐ. காப்பீடும் உண்டு, 7 லட்சம் வரை. மின் இணைப்பு, வீட்டு வரி, கேஸ் பெயர் மாற்றமெல்லாம் மெதுவாகச் செய்யலாம். ரேஷன் கார்டில் பெயர் நீக்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலை என்று பார்த்தால் பத்து நிமிஷம்தான். ஆனால் திரையில் குடும்ப உறுப்பினர் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே "நீக்கு" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்துகிற வேலையை மிஞ்சியவரிடம் கொடுக்காதீர்கள்.

துக்கம் ஐந்து படிகளாக வரும், மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஒரு பட்டியல் அடிக்கடி ஃபார்வர்டாக வரும். 1969-இல் எலிசபெத் குப்ளர்-ராஸ் சாகப்போகிற நோயாளிகளிடம் பேசி எழுதியது அது; இழந்தவர்களைப் பார்த்து எழுதியது அல்ல. எந்தப் படியில் இருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1999-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது நடைமுறையோடு ஒத்துப்போகிறது: மனம் கொஞ்ச நேரம் இழப்பின் பக்கமும், கொஞ்ச நேரம் பிழைப்பின் பக்கமுமாக ஊஞ்சல் மாதிரி போய்வரும். காலையில் கரண்ட் பில் கட்டிவிட்டு மத்தியானம் அழுவதும், அழுதுகொண்டிருக்கும்போது சீரியலுக்குச் சிரிப்பதும் ஆரோக்கியம்தான். "எப்படிச் சிரிச்சேன்" என்ற குற்றவுணர்வு வேண்டாம். இரண்டில் ஏதாவது ஒரு பக்கமே நாள்கணக்கில் நின்றுவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

அவர் செருமுகிற சத்தம் கேட்கும். பைக் சத்தம் கேட்டு வாசலுக்குப் போவீர்கள். வெளியே சொன்னால் "காத்துக் கருப்பு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள் என்று பயந்து மறைப்பார்கள். 1971-இல் வேல்ஸ் நாட்டு டாக்டர் டெவி ரீஸ், துணையை இழந்த 293 பேரை விசாரித்ததில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்ததாகவோ கேட்டதாகவோ பக்கத்தில் உணர்ந்ததாகவோ சொன்னார்கள். பெரும்பாலோர் அதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அது வந்துபோகும். ஆறுதலாக இருந்தால் இருக்கட்டும். "இதைச் செய், என்னோடு வா" என்று கட்டளையிடுகிற குரலாக இருந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"நானும் அவரோடவே போயிருக்கணும்" என்பது ஒப்பாரியிலேயே உள்ள வாக்கியம். அதை வைத்து மட்டும் பயப்பட முடியாது. ஆனால் நகையைப் பிரித்துக் கொடுப்பது, கணக்குகளைத் திடீரென்று தீர்ப்பது, மாத்திரை சேர்த்து வைப்பது, பல நாள் அழுகைக்குப் பின் காரணமில்லாமல் அமைதியாவது இவை வேறு. நேராகவே கேளுங்கள்: "அம்மா, உசிரை விட்டுடலாம்னு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, வந்திருந்தால் வெளியே வரும். பூச்சிமருந்தும் மீந்த மாத்திரையும் வீட்டில் இருக்கக் கூடாது, ஆளும் தனியாக இருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம், நாள் முழுவதும் இருக்கிறார்கள். சென்னையில் 'சிநேகா' என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986 முதல் இந்த வேலையைச் செய்கிறது. உயிர் ஆபத்து இல்லை, ஆனால் மாதங்கள் ஓடியும் பெரும்பாலான நாளில் எழுந்து குளிக்கவே முடியவில்லை, ஏக்கம் ஒரு இம்மி குறையவில்லை என்றால் அதற்கும் மருத்துவப் பெயர் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருஷத்தையும் எல்லையாக வைத்திருக்கிறார்கள். அரசு தலைமை மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு உண்டு.

சின்னப் பிள்ளைகளிடம் "தாத்தா தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" என்று சொன்னால் ராத்திரி தூங்கப் பயப்படும், ஊருக்குக் கிளம்புகிறவர்களைப் பிடித்துக்கொண்டு விடாது. "செத்துப்போய்ட்டார், உடம்பு இனி வேலை செய்யாது, திரும்பி வர மாட்டார்" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். ஐந்து வயதுக்குள் இருந்தால் அதே கேள்வியை நாற்பது தடவை கேட்கும். நாற்பது தடவையும் அதே பதில்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதால் பயனில்லை, யாரும் சொல்ல மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வரேன், பேங்குக்குப் போவோம்" என்றால் நடக்கும். பதினாறு நாளும் வராமல் இருந்துவிட்டு இருபதாம் நாள் வருகிறவர்தான் உண்மையில் தேவைப்படுகிறவர். வந்தால் இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பேச்சை மாற்றுவது இரக்கம் என்று நினைக்கிறோம், இல்லை.

முதல் வருஷத்தை மாசாமாசம் வருகிற திதி பிடித்து நடத்தும். நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இது நல்ல ஏற்பாடுதான். மாதத்தில் ஒரு நாள் அவருக்கு என்று ஒதுக்கி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து யாருக்காவது போட்டால், மற்ற நாள்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். திதியும் இங்கிலீஷ் தேதியும் வேறு வேறு நாளில் வரும் என்பதை மறக்காதீர்கள். திதி கொடுத்து முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் கிளம்பிப்போன பிறகு, அந்தத் தேதி தனியாக வந்து நிற்கும். போன் பேச வேண்டிய நாள் அது. கல்யாண நாள், பிறந்தநாள், ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள் இவையும் அப்படித்தான். முதல் தீபாவளி எப்படியும் கொண்டாடுவதில்லை, அதனால் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இரண்டாவது தீபாவளிக்கு எல்லோரும் பட்டாசு வாங்கிவிடுவார்கள். மிஞ்சியவருக்கு அதுதான் கஷ்டம்.

ஜனவரியில் புதுக் காலண்டர் வரும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, வருஷத் திதி மூன்றையும் அன்றே வட்டம் போட்டுவிடுங்கள். பழைய காலண்டரைச் சுருட்டிக் குப்பையில் போடுவதற்கு முன் ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். சிலிண்டர் மாற்றிய தேதி, பால் கணக்கு, "டாக்டர் 11 மணி" என்று அவர் கையெழுத்தில் இருக்கும். அந்தத் தாள்களை மட்டும் கிழித்து ஃபைலில் வைத்துவிட்டு, சிலிண்டர் தேதியைப் புதுக் காலண்டரில் உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஆளுக்கு அது முன்னைவிட ரொம்ப நாள் வரும், புக் பண்ண மறந்துவிடும்.